எடையா, எண்ணிக்கையா, நிலமா: இந்தியாவின் அடுத்த டாங்கி எது?

இந்தியத் தரைப்படையின் கவசப் பிரிவுகளில் இன்றும் எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பது டி-72 டாங்கி. 1970களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்திடமிருந்து வரத் தொடங்கி, பின்னர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 'அஜேயா' என்ற பெயரில் கட்டப்பட்ட இவ்வகை டாங்கிகள் 2,000க்கும் மேல் உள்ளன. இவற்றின் வடிவமைப்புக்கு அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. இவற்றின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கு நான்கு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. டி-72க்கு வலுவான எஞ்சினைப் பொருத்திக்கொண்டு, அதன் வழிவந்த டி-90ஐத் தொடர்ந்து கட்டுவது ஒன்று. ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுனைப் பெருமளவில் கட்டுவது இரண்டாவது. 25 டன் எடையுள்ள சோராவர் என்ற இலகு டாங்கியின் பக்கம் சாய்வது மூன்றாவது. 1,770 டாங்கிகளை முற்றிலும் புதிய வடிவில் உருவாக்குவது நான்காவது. இதற்கு 2024 செப்டம்பரில் பாதுகாப்புக் கொள்முதல் குழு முதற்கட்ட இசைவு தந்திருக்கிறது.

இந்த நான்கையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் பீரங்கிக் குழலின் விட்டத்தையும் கவசத்தின் தடிமனையும் அடுத்தடுத்து எழுதி, எது பெரிதோ அதுவே சிறந்தது என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முறை தவறானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு டாங்கியின் தகுதி, அது எந்த நிலத்தில் ஓடப் போகிறது, எந்தப் பாலத்தைக் கடக்கப் போகிறது, அதை ஓட்டும் எஞ்சின் யார் கையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பிறகே அளக்கப்பட வேண்டியது. கடந்த நூறாண்டு அனுபவமும் இதையே காட்டுகிறது.

நூறாண்டின் எடைக் கணக்கு

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் பிரிட்டன் முதன்முதலாக டாங்கிகளை இறக்கியது. 'மார்க் 1' என்ற அந்த வண்டி ஏறத்தாழ 28 டன் எடை கொண்டது. அதை இழுத்த எஞ்சினின் ஆற்றல் 105 குதிரைத்திறன் மட்டுமே. ஒரு டன்னுக்கு நான்கு குதிரைத்திறன்கூட இல்லை. மனிதன் நடக்கும் வேகத்தில்தான் அது நகர்ந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேர் எஞ்சினின் சூட்டையும் புகையையும் சேர்த்தே சுமந்தார்கள். அன்றைய தாக்குதலுக்கு ஒதுக்கப்பட்ட 49 டாங்கிகளில் புறப்பட வேண்டிய இடத்தை அடைந்தவை 32 மட்டுமே. எஞ்சியவை எதிரியின் குண்டு படுவதற்கு முன்பே பழுதாகியோ சேற்றில் சிக்கியோ நின்றுவிட்டன. அடுத்த ஆண்டே பிரான்சு உருவாக்கிய ரெனோ எஃப்.டி., ஏழு டன்னுக்கும் குறைந்த எடையில், இரண்டே ஆட்களுடன், முழுவட்டமாகச் சுழலும் கோபுரத்தோடு வந்தது. ஓட்டுநர் முன்னால், பீரங்கிக் கோபுரம் நடுவில், எஞ்சின் பின்னால் என்ற அந்த அமைப்பைத்தான் இன்றைய டாங்கிகளில் மிகப் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாயிற்று. ஜெர்மனியின் டைகர் 57 டன் எடையும் 88 மி.மீ. பீரங்கியும் கொண்டது, நேருக்கு நேர் நின்றால் அன்று அதை வெல்ல வல்லவை மிகச் சிலவே. ஆனால் கட்டப்பட்டவை 1,350 அளவில்தான். மறுபக்கம், அமெரிக்கா ஏறத்தாழ 50,000 ஷெர்மன்களைக் கட்டியது. சோவியத்தின் டி-34 அதையும் விஞ்சியது. சரிந்த கவசம், அகன்ற சங்கிலித்தடம், 500 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஆகிய மூன்றும் சேர்ந்து, ரஷ்யச் சேற்றிலும் பனியிலும் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டியாக டி-34ஐ ஆக்கின. டைகரோ பாலங்களைத் தேடி அலைந்தது. பழுதடைந்தால் அதை இழுத்துவர அதற்கு ஈடான இன்னொரு வண்டி வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் நேரடியாகக் கிடைத்த இடம் பஞ்சாபின் கேம்கரண் அருகிலுள்ள அசல் உத்தர். 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் அங்கே அமெரிக்கத் தயாரிப்பான பேட்டன் டாங்கிகளோடு வந்தது. 90 மி.மீ. பீரங்கியும் நல்ல கவசமும் கொண்ட அவ்வண்டி, தாள்மேல் பார்த்தால், எதிரே நின்ற இந்திய ஷெர்மன்களைவிட எல்லா வகையிலும் மேலானது. இந்தியப் படை அந்தத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தது. வாய்க்கால் நீரைத் திறந்துவிட்டு வயல்களைச் சேறாக்கியது. ஆளுயர வளர்ந்த கரும்புக்குள் பிரிட்டிஷ் செஞ்சுரியன் டாங்கிகளையும் ஷெர்மன்களையும் குதிரைலாட வடிவில் மறைத்து வைத்துக் காத்திருந்தது. ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கியால் டாங்கிகளை அடுத்தடுத்து அழித்து, அங்கேயே உயிர்விட்ட ஹவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. சண்டை முடிந்தபின் கைப்பற்றிய பேட்டன்களை வரிசையாக நிறுத்திவைத்த இடத்தைப் 'பேட்டன் நகர்' என்றே அழைத்தார்கள். மருத நிலத்தில் ஒரு கனமான டாங்கிக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை.

அதே 1965இன் இறுதியில் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு, 39 டன் எடை, 105 மி.மீ. பீரங்கி. உரிமம் பெற்றுக் கட்டியதுதான் என்றாலும், ஒரு டாங்கியை எஃகுத் தகட்டிலிருந்து தொடங்கி முழுவண்டியாக ஆக்கும் திறன் பெற்ற தொழிலாளர் தலைமுறை ஒன்றை அது ஆவடியில் வளர்த்தது. அந்தத் தலைமுறையின் கைத்திறன்தான் பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

1970களுக்குப் பின் உலகில் இரண்டு மரபுகள் தெளிவாகப் பிரிந்தன. மேற்கு நாடுகள் நான்கு ஆட்கள், அடுக்குக் கவசம், 1,500 குதிரைத்திறன், 60 டன்னுக்கு மேற்பட்ட எடை என்ற வழியில் சென்றன. சோவியத் பொறியாளர்கள், குண்டு நிரப்புபவரை நீக்கி அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். மூன்றே ஆட்கள் என்றதும் உள்ளிடம் சுருங்கியது, உள்ளிடம் சுருங்கியதும் கவசம் போர்த்த வேண்டிய பரப்பு குறைந்தது, டாங்கி தாழ்வாகவும் 45 டன்னைச் சுற்றியும் நின்றது. உலகில் இந்த இரு மரபுகளையும் ஒரே தொழிற்சாலையில் கட்டிய இடங்கள் மிக அரிது. ஆவடி அவற்றில் ஒன்று: டி-72ம் டி-90ம் இரண்டாம் மரபு, அர்ஜுன் முதலாம் மரபு.

முதல் வழி: டி-72ம் டி-90ம்

இந்த வழியின் வலிமை கவர்ச்சியானதல்ல, ஆனால் உண்மையானது. பஞ்சாபின் பாலங்கள், ரயில்வேயின் தட்டை வண்டிகள், பழுதுபார்க்கும் பணிமனைகள், ஓட்டப் பழகிய ஆட்கள் எல்லாம் நாற்பத்தைந்து டன் டாங்கிக்கு ஏற்பவே நாற்பது ஆண்டுகளாக அமைந்துவிட்டன. 46.5 டன் எடையுள்ள டி-90க்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின் இருக்கிறது. டன்னுக்கு 21 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். டி-72இன் பழைய 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் எஞ்சின்களை வாங்க 2025 மார்ச்சில் ரஷ்யாவோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. அதன் தொழில்நுட்பம் ஆவடிக்குத் தரப்பட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தின் பகுதி. அந்த எஞ்சின் பொருந்திவிட்டால் டி-72 டன்னுக்கு 24 குதிரைத்திறனை எட்டும். பழைய உடலுக்குப் புதிய இதயம் என்ற அளவில் இது சிக்கனமான முடிவுதான்.

பலவீனம் வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. தானியங்கி நிரப்பியின் சுழல் தட்டில் 22 குண்டுகள் ஆட்களின் காலுக்குக் கீழேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலும் சில குண்டுகள் உள்ளே அங்கங்கே வைக்கப்படுகின்றன. கவசம் துளைக்கப்பட்டு அந்தக் குண்டுகள் தீப்பற்றினால் கோபுரமே தூக்கி எறியப்படுகிறது. 1991இல் ஈராக்கிலும் 2022 முதல் உக்ரைனிலும் உலகம் இதைத் திரும்பத் திரும்பக் கண்டது. இதற்குப் பொருள் டி-72 பயனற்றது என்பதல்ல. ஆனால் அதற்குள் அமர்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அடிபட்ட பின்னும் அவர்கள் உயிரோடு வெளிவர வேண்டும் என்பதைக் கொள்முதல் கணக்கில் முதல் வரியாக எழுதாமல் இருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. புதிய எஞ்சினால் இந்தக் குறை தீராது.

டி-90 பற்றி இன்னொன்று. 2001 பிப்ரவரியில் 310 டாங்கிகளுக்கு முதல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அது சோதித்துத் தேறிய வண்டி என்றே சொல்லப்பட்டது. ஆனால் அதன் இரவுப் பார்வைக்கான வெப்பப் படக்கருவிகள் ராஜஸ்தான் வெயிலில் பழுதாயின. குளிர்நாட்டில் பிறந்த வண்டி பாலைக்கு வரும்போது இது எதிர்பாராததல்ல. அர்ஜுனின் சிறு குறைகள் ஒவ்வொன்றும் பெரும் தலைப்புச் செய்திகளானபோது, இந்தக் குறை அவ்வளவாகப் பேசப்படவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் வழி: அர்ஜுன்

அர்ஜுன் திட்டத்துக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. ஆவடியிலுள்ள அரசின் போர் வாகன ஆய்வகமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்தது. அதன் காஞ்சன் கவசம் ஹைதராபாத்தின் காஞ்சன்பாக்கிலுள்ள உலோக ஆய்வகத்தில் உருவானது; பெயரும் அந்த ஊரிலிருந்தே வந்தது. குழலின் உட்புறம் திருகுவரி வெட்டிய (புரியிட்ட) 120 மி.மீ. பீரங்கி, நீர்ம-வாயு அதிர்வுதாங்கிகள், நான்கு ஆட்கள், 58.5 டன் எடை, 1,400 குதிரைத்திறன் ஜெர்மன் எஞ்சின். மேடுபள்ளத்தில் ஓடிக்கொண்டே சுடும்போது அந்த அதிர்வுதாங்கிகள் தரும் நிதானம்தான் அர்ஜுனின் தனிச்சிறப்பு.

2010 மார்ச்சில் ராஜஸ்தானில் அர்ஜுனும் டி-90ம் அருகருகே நிறுத்தி ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. சோதனையின் முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை. எனினும் அதைத் தொடர்ந்து மேலும் 124 அர்ஜுன்கள் வாங்கப்பட்டன என்பதே அதன் முடிவைச் சொல்லிவிடுகிறது. 70க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு உருவான மார்க் 1ஏ வகையை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் தரைப்படைத் தலைமைத் தளபதியிடம் ஒப்படைத்தார்; அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆணை வந்தது. டாங்கி ஒன்றுக்கு ஏறத்தாழ 64 கோடி.

இனி இதன் சுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மார்க் 1ஏ 68 டன் எடையைத் தாண்டிவிட்டது. எஞ்சினோ அதே 1,400 குதிரைத்திறன். ஆக, டன்னுக்கு 20 குதிரைத்திறனைச் சற்றே தாண்டுகிறது. அகன்ற சங்கிலித்தடம் எடையைப் பரப்பிவிடுவதால் மணலில் அது புதைந்துபோவதில்லை. அதனால்தான் ஜெய்சல்மேர்ப் பகுதிப் பாலையில் அது தன் வீட்டில் இருப்பதுபோல் ஓடுகிறது. ஆனால் பாலம் தரையழுத்தத்தைப் பார்ப்பதில்லை. மொத்த எடையைப் பார்க்கிறது. பஞ்சாபிலும் ஜம்முவின் சமவெளியிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வாய்க்கால்களின் மேலுள்ள பல பாலங்கள் இந்த எடைக்குக் கட்டப்படவில்லை. அகலம் கூடியதால் அதை ரயிலில் ஏற்றத் தனி வகை வண்டிகளும் தேவைப்படுகின்றன. 'நம் ஊரில் பிறந்தது, ஆகவே எங்கும் இதுவே வேண்டும்' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அசல் உத்தரில் பேட்டன்கள் நின்ற சேற்றில் 68 டன் அர்ஜுனை நிறுத்தச் சொல்வது அந்தப் பாடத்தை மறப்பதாகும்.

அர்ஜுனின் பெருங்குறை வடிவமைப்பைவிட ஆணைகளின் இடைவெளியில் இருக்கிறது. 2000இல் 124, பத்தாண்டு கழித்து 124, மேலும் பதினோரு ஆண்டு கழித்து 118. ஐம்பதாண்டுத் திட்டத்தில் மொத்த ஆணை 366. இரண்டு ஆணைகளுக்கு நடுவே தொழிற்கூடம் ஓய்ந்து, உதிரிபாகம் தந்த சிறு பட்டறைகள் வேறு வேலை தேடிப் போய்விடுகின்றன. அடுத்த ஆணை வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. விலை கூடியதற்கும் தாமதத்துக்கும் பெரும் காரணம் இதுவே.

மூன்றாம் வழி: சோராவர்

குறிஞ்சி நிலத்துக்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. 1948 நவம்பர் 1 அன்று சோஜி லா கணவாயில் ஏழாம் குதிரைப்படைப் பிரிவின் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள் ஏறியபோது, எதிரே இருந்தவர்கள் அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்கவே இல்லை. ஜெனரல் திம்மையாவின் அந்தத் துணிவு லடாக்குக்கான வழியைத் திறந்தது. 1962இல் ஏ.எம்.எக்ஸ்-13 இலகு டாங்கிகள் விமானத்தில் லடாக்கின் சூசுலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பின்னர் நாம் இலகு டாங்கிகளைக் கைவிட்டோம். 2020இல் கிழக்கு லடாக்கில் சீனாவோடு மோதல் மூண்டபோது, 4,500 மீட்டர் உயரத்துக்கு டி-72களையும் டி-90களையும்தான் ஏற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கம் சீனா மலைக்கென்றே உருவாக்கிய, 35 டன் அளவிலான டைப்-15 டாங்கிகளை வைத்திருந்தது.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. எஞ்சின் மூச்சுத் திணறுகிறது, எண்ணெய் உறைகிறது, தாளில் எழுதிய குதிரைத்திறன் மலையில் கிடைப்பதில்லை. எனவே அங்கே டன்னுக்கு எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்பதுதான் உயிர்நாடி. அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் இணைந்து உருவாக்கி 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசிராவில் காட்டிய சோராவர், 25 டன் எடைக்கு 760 குதிரைத்திறன் கொண்டது; டன்னுக்கு 30. பெல்ஜியத்தின் ஜான் காக்கெரில் நிறுவனக் கோபுரத்தில் 105 மி.மீ. பீரங்கி பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு சி-17 சரக்கு விமானத்தில் இரண்டை ஏற்றலாம். அதே ஆண்டு டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் அதன் சுடும் சோதனை நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லடாக்கைக் கடந்து திபெத்துக்குள் படை நடத்திய டோக்ரா தளபதி சோராவர் சிங்கின் பெயர் இதற்குச் சரியாகவே பொருந்துகிறது.

மெலிந்த கவசம் இதன் விலை. சமவெளியில் 125 மி.மீ. பீரங்கிக்கு எதிரே இதை நிறுத்துவது வீரர்களைப் பலிகொடுப்பதாகும். தேவை என்று சொல்லப்பட்ட 354 என்ற எண்ணிக்கை மலைக்கும் சில சிறப்பு இடங்களுக்கும் மட்டுமே போதுமானது. அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே முறை.

நான்காம் வழி: புதிய டாங்கி

இதைப்பற்றி எழுதக் குறைவாகவே உள்ளது. ஏனெனில் வண்டி இன்னும் இல்லை. ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதை உக்ரைன் சொல்லித்தருகிறது. அரை லட்சம் ரூபாய் அளவே விலையுள்ள ஒரு சிறு டிரோன், மேலிருந்து வந்து கோபுரத்தின் மெல்லிய கூரையில் மோதி, டி-72ஐ மட்டுமல்ல, ஜெர்மனியின் லெப்பர்ட் 2ஐயும் அமெரிக்காவின் ஏப்ரம்ஸையும் செயலிழக்கச் செய்கிறது. டாங்கியின் தடித்த கவசம் முகத்தில் இருக்கிறது. இன்றைய எதிரி உச்சந்தலையில் அடிக்கிறான். கூரையையும் முகம்போல் தடிப்பாக்கினால் வண்டி 80 டன் ஆகிவிடும். எனவே வரும் ஏவுகணையை வழியிலேயே சுட்டு வீழ்த்தும் காப்பமைப்பு, டிரோனின் அலைவரிசையைக் குலைக்கும் கருவி, ஆட்களிடமிருந்து பிரித்து அடைக்கப்பட்ட குண்டறை ஆகியவை முதலிலிருந்தே வடிவமைப்பில் இடம்பெற வேண்டும். இஸ்ரேலின் மெர்காவா டாங்கி, டிராஃபி என்ற காப்பமைப்போடு 2011 முதலே களத்தில் இருக்கிறது. எடை 55 டன்னைத் தாண்டக்கூடாது என்று இறுக்கமாக எல்லை வைத்தால்தான் இந்த வண்டி பஞ்சாபுக்குப் பயன்படும். ஒவ்வொரு பிரிவும் தன் விருப்பத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் இதுவும் இன்னோர் அர்ஜுனாக, பாலைக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

என் தேர்வு

நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய வாழ்வையும் தொழிலையும் சொன்ன மொழி நம்முடையது. டாங்கிக்கும் அந்த முறையே பொருந்துகிறது. ஒரே டாங்கியை எல்லா நிலத்துக்கும் தேடுவதை விட்டுவிட வேண்டும். ராஜஸ்தான் பாலைக்கு அர்ஜுன் மார்க் 1ஏ. அதற்கு 118ஓடு நிறுத்தாமல், ஆண்டுக்கு இத்தனை என்று நீண்டகால ஆணை தர வேண்டும். லடாக்கின் மலைக்கும் பீடபூமிக்கும் சோராவர். பஞ்சாப், ஜம்மு சமவெளியின் மருதத்துக்குப் புதிய டாங்கி வரும்வரை டி-90ம், 1,000 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்திய டி-72ம். ஆனால் அந்தப் புதுப்பிப்பை எல்லா டி-72களுக்கும் செய்யத் தேவையில்லை. நல்ல நிலையிலுள்ள உடல்களுக்கு மட்டும் செய்து, மிச்சப் பணத்தைக் கூரைக் காப்புக்கும் இரவுப் பார்வைக் கருவிகளுக்கும் திருப்புவேன். மூன்று வகை வண்டிகளுக்கும் தனித்தனி உதிரிபாகம் வைப்பது செலவு என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் பொருந்தாத நிலத்தில் நின்றுபோகும் டாங்கி அதைவிடப் பெரிய செலவு.

இந்த நான்கு வழிகளுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. டி-90க்கும் டி-72க்கும் எஞ்சினின் மூலம் ரஷ்யா. அர்ஜுனுக்கு ஜெர்மனி. சோராவருக்கு முதலில் ஜெர்மன் எஞ்சினே எண்ணப்பட்டது. அது உரிய காலத்தில் கிடைக்காததால் அமெரிக்கக் கம்மின்ஸ் எஞ்சினுக்கு மாற வேண்டியதாயிற்று. டாங்கியை நாமே வடிவமைத்தாலும் அது எப்போது ஓடும் என்பதை வேறொரு நாடு முடிவு செய்கிறது. 2024 மார்ச்சில் மைசூருவிலுள்ள பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல். வளாகத்தில், சி.வி.ஆர்.டி.இ. முன்னெடுத்த 1,500 குதிரைத்திறன் எஞ்சின் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. சோதனைமேடையில் ஓடும் எஞ்சின் பாலை மணலில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேறுவதற்கு இன்னும் ஆண்டுகள் ஆகும். ஆயினும் அடுத்த பத்தாண்டில் டாங்கிக்கென ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை எதற்குத் தருவீர்கள் என்று கேட்டால், அந்த எஞ்சினுக்கும் அதற்கிணையான பல்சக்கரப் பெட்டிக்கும் என்பதே என் விடை. அந்த எஞ்சின் தேறிவிட்டால், 68 டன் அர்ஜுனுக்கு டன்னுக்கு 22 குதிரைத்திறன் கிடைக்கும். 55 டன் புதிய டாங்கிக்கு 27க்கு மேல் கிடைக்கும். அடுத்த ஆணைக்காக ஆவடித் தொழிற்கூடம் எந்த வெளிநாட்டு அனுமதிக் கடிதத்துக்கும் காத்திருக்க வேண்டியிராது.